மால்டாவுல அக்கா ஏறாத பஸ்

எங்க அக்கா பொன்னி போன்ல ரெண்டே வார்த்ததான் பேசுவா. ஒண்ணு "சாப்ட்டேன்", இன்னொண்ணு "பாக்கலாம்". சாப்ட்டியான்னு கேட்டா சாப்ட்டேன். கல்யாணம் பண்ணிக்கிடுதியான்னு கேட்டா பாக்கலாம். மால்டான்னு ஒரு தீவு, இத்தாலிக்குக் கீழ கடலுக்குள்ள கெடக்கு. மேப்புல பாத்தா சாப்பிடும்போது எலைக்கு வெளிய செதறுன சோத்துப் பருக்க மாதிரி இருக்கும். அங்க வயசானவங்களப் பாத்துக்கிடுத ஒரு இல்லத்துல அவ நர்ஸு. போனவ போனவதான். மூணு வருசமா தாராவிப் பக்கம் தலையக் காட்டல.

இந்த நேரம் பாத்து மும்பைக்குப் பக்கத்துல நெரூள்ல இருந்து ஒரு மாப்பிள்ள வந்துச்சு. ஆபீஸ் வேல, சொந்த ஃப்ளாட்டு, எங்க திருநெல்வேலிப் பக்கத்து ஆளுகதான். ஒரே கண்டிஷன், பொண்ணு மும்பைக்கே திரும்பி வந்துறணும். ஞாயித்துக்கெழம அவங்க எங்க வீட்டுக்கு வாறதாப் பேச்சு. அன்னைக்கு அம்மா ஒரு முடிவு சொல்லியாவணும். அக்காகிட்ட கேட்டா, "பாக்கலாம்."

சரியா அப்பத்தான் அக்கா எனக்கு ஒரு சீப்பு டிக்கெட்டு போட்டு வெச்சிருந்தா, சும்மா வந்து சுத்திட்டுப் போல குமாருன்னு. அம்மா விடுவாளா?

"நீ ஊரச் சுத்து, இல்ல ஊரு ஒன்னயச் சுத்தட்டும், என்னமும் பண்ணு. வரும்போது அவ பதில வாங்கிட்டு வா. வாறாளா, வரலையா. பாக்கலாம்னு வந்து நின்ன, ஒனக்குச் சோறு கெடையாது."

நான் தாராவில பேக் தைக்கிற பட்டறைல ஜிப்பு வெச்சுத் தைக்கிறவன். ஒம்பதாங் கிளாஸோட பள்ளிக்கூடம் என்னய விட்டுச்சு, நானும் அத விட்டேன். எனக்கு விசா எப்பிடிக் கெடச்சதுன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டு எங்கயாச்சும் திரும்பப் புடுங்கிறப் போறாங்க.

புதன்கெழம காலம்பற எறங்குனேன். மே மாசம். மும்பைல நின்னா வேர்க்கும், உக்காந்தா வேர்க்கும், குளிக்கும்போதே வேர்க்கும். இங்க வெயிலு சுள்ளுனு அடிக்கு, ஆனா வேர்வ வரல. எனக்கு அப்பவே டவுட்டு, நான் இன்னும் பிளைட்லதான் தூங்கிக்கிட்டு இருக்கேனோன்னு. ஊரு முழுக்க ஒரே நெறத்துல கல்லு. மைசூர்பாகு நெறம். வீடு, சர்ச்சு, கோட்ட, மதில் சொவரு எல்லாத்தையும் ஒரே தட்டுல ஊத்தி, ஆறுனதும் கத்தி போட்டு எடுத்த மாதிரி. எந்தத் தெருவுல எட்டிப் பாத்தாலும் கடைசில கடலு நிக்கு, நீலமா, யாரோ மறந்து தொறந்து போட்டுட்டுப் போன கதவு மாதிரி.

அக்கா பஸ் ஸ்டாப்புல நின்னா. முடிய கழுத்தளவுக்கு வெட்டிருக்கா. அம்மாவுக்கு இது தெரியாது. வீடியோ கால்ல எப்பவும் பின்னால கட்டுன மாதிரியே காமிச்சிருக்கா, பிராடு.

"என்னக்கா, முடிய எவன்கிட்ட அடகு வெச்ச?"

"வந்ததும் ஆரம்பிக்காதல"ன்னு மண்டைல ஒரு தட்டு தட்டுனா. மத்ததெல்லாம் மாறிருச்சு, அந்தத் தட்டு மட்டும் தாராவித் தட்டுதான்.

அக்காகூட ரூமுல இருக்குறது ரோஸான்னு ஒரு பிலிப்பைன்ஸ்காரி. அதே இல்லத்துல வேல. நான் பையத் தொறந்து அம்மா குடுத்துவிட்டத எடுத்து வெக்கேன். இட்லிப்பொடி, முறுக்கு, எள்ளுருண்ட. அடில ஏழு பாலித்தீன் பை சுத்தி கருவாடு. ஏழாவது பையப் பிரிச்சதும் நான் சன்னலத் தொறக்க ஓடுனேன், ரோஸா கோவப்பட்டு வெளிய போயிருவாளோன்னு. அவ மூக்க விரிச்சுக்கிட்டு ஓடியாந்து கருவாட்டக் கைல எடுத்தா. கண்ணு கலங்கிருச்சு. இங்கிலீஷ்ல என்னமோ சொன்னா. அக்கா சிரிச்சுக்கிட்டே சொல்லுதா, "அவங்க அம்மா வீட்டு வாசனையாம்ல." அன்னைக்கு மத்தியானம் ரோஸா அத எண்ணெயில பொரிச்சு, வினிகர்ல முக்கி, சோத்தோட தின்னுக்கிட்டே என்னயத் தன் தம்பின்னு அறிவிச்சுட்டா. கீழ் வீட்டுக்காரன் வந்து கதவத் தட்டுனான். எலி எதும் செத்துக் கெடக்கான்னு கேட்டானாம்.

சாயங்காலம் வலெட்டா டவுனுக்குள்ள கூட்டிட்டுப் போனா. தெருவெல்லாம் படிக்கட்டு, தலைக்கு மேல மரத்துல செஞ்ச பால்கனி, பச்ச, செவப்பு, நீலம்னு வரிசையா கண்ணாடி போட்டு மூடிருக்கு. மேல் மாடில ஒரு பாட்டி கயித்துல கூடைய விட்டு ரொட்டி வாங்குனா. எதிர் பால்கனிப் பாட்டிகிட்ட என்னமோ கத்துனா.

"என்ன சொல்லுதா?"

அக்கா நின்னு கேட்டுட்டு, "ஒன் மருமக சூப்பு வெச்ச அன்னைக்கெல்லாம் ஒன் வீட்டுக்காரன் கடைல போய் திங்கான், எனக்குத் தெரியாதாக்கும்னு சொல்லுதா."

"ஒனக்கு எப்பிடி இந்த பாஷ?"

"இல்லத்துல நாளெல்லாம் இதத்தான பேசுதாங்க. வலிக்குதுன்னு மால்டீஸ்ல சொன்னா நான் தமிழ்ல கேட்டுக்கிட்டா நிக்க முடியும்?"

அந்தத் தெருவுலயே ஒரு கடைல பஸ்தீட்ஸின்னு ஒண்ணு வாங்கிக் குடுத்தா. மேல வெங்காயத் தோலு மாதிரி ஏடு ஏடா, உள்ள பட்டாணி மசிச்சு வெச்சது. மாட்டுங்கா பேக்கரி பஃப்போட சித்தப்பா மகன்னு வெச்சுக்கோங்க. காரம் மட்டும் சுத்தமா இல்ல. பாக்கெட்ல இட்லிப்பொடி வெச்சிருந்தேன், தூவித் தின்னேன். கடைக்காரர் எட்டிப் பாத்து, நுனி விரல்ல தொட்டு நக்கிப் பாத்து, ஒரு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு, அப்புறமா இன்னொரு தடவ நக்கிப் பாத்தாரு.

வயிறு நெறஞ்ச நேரம்தான் நல்ல நேரம்னு போன்ல மாப்பிள்ள போட்டோவக் காமிச்சேன். பைக்கு மேல சாஞ்சு கூலிங்கிளாஸோட நிக்காரு. அக்கா வாங்கிப் பாத்தா. பெருசு பண்ணிப் பாத்தா.

"சட்ட நல்லாருக்கு"ன்னு போனத் திருப்பிக் குடுத்துட்டா.

வியாழக்கெழம அக்காவுக்கு டூட்டி. நான் ஒத்த ஆளு. முதல்ல பஸ் ஸ்டாப்பு. மும்பைல நாம என்ன அக்கிரமம் பண்ணாலும் பஸ்ஸுக்கு லைன்ல நிப்போம். இங்க லைனு கெடையாது. நான் மட்டும் ஒழுங்கா லைன்ல நின்னேன். எனக்குப் பின்னால யாரும் வரல, எல்லாரும் எனக்கு முன்னாலதான் போனாங்க. அது போக, கைய நீட்டாட்டி பஸ்ஸு நிக்காதாம். ரெண்டு பஸ்ஸு என்னய ஒரு தூணா நெனச்சுப் போயிருச்சு.

விடுங்க, கடல்ல போவோம்னு படகு ஏறுனேன். ஒரு கரைல இருந்து எதுத்த கரைக்கு ஒரு கட்டிங் சாயா, அதான் அர டம்ளர் டீ, குடிக்கிற நேரம்தான். கரை கிட்ட வந்ததும் பழக்க தோஷம், கயிறு கட்டுறதுக்கு முன்னாடியே குதிச்சுட்டேன். எங்க சயான் ஸ்டேஷன்ல டிரெயின் நிக்குறதுக்கு முன்னால எறங்காதவன ஆம்பளையாவே மதிக்க மாட்டாங்க. இங்க படகுக்காரன் விசிலடிச்சு, என்னயத் திரும்ப உள்ள ஏறச் சொல்லி, கயிறு கட்டி, பலக போட்டு, மறுபடி எறங்க வெச்சான். மொத்தப் படகும் பாக்கு. ரெண்டாந் தடவ எறங்கும்போது ஒரு வெள்ளக்காரப் பிள்ள கை தட்டுச்சு. நானும் குனிஞ்சு வணக்கம் வெச்சேன்.

மத்தியானம் அந்த ஊரு தூங்கிருச்சு. நெசமாத்தான். ஷட்டர எறக்கி, சன்னல சாத்தி, ஊரே ஒரு தூக்கம் போடுது. ஹாரன் இல்ல, மிக்ஸி இல்ல, மாவு மில்லு இல்ல, எவனும் எவனையும் கூப்பிடல. என் செருப்புச் சத்தம் எனக்கே பெருசா கேக்கு. ஒரு பூன படிக்கட்டுல கெடந்துச்சு, தாண்டிப் போனா கண்ணு கூட முழிக்கல. கல்லுல கை வெச்சுப் பாத்தேன், அடுப்புல இருந்து எறக்கி வெச்ச சட்டி மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. எங்க போறேன்னு தெரியாம நடந்தேன். ஒவ்வொரு சந்தும் முடியற எடத்துல கடலு. திரும்புனா இன்னொரு சந்து, இன்னொரு கடலு. திடீர்னு வானத்துல டமால்னு ஒரு வெடி. புகையா ஒரு வெள்ளப் பந்து தொங்குது. ஏதோ சர்ச்சுத் திருவிழாவாம், பகல்லயே வெடி போடுவாங்களாம். எங்க தாராவி ஆளுகளுக்குச் சொந்தக்காரனுகதான்னு அப்பத்தான் மனசு நெறஞ்சுது. பூன அப்பவும் முழிக்கல.

அம்மா போன் அடிச்சா. "கேட்டியால?"

"போட்டோவக் காமிச்சேன்."

"என்ன சொன்னா?"

"சட்ட நல்லாருக்காம்."

"சட்டையவா கட்டிக்கப் போறா? ஏலேய், ஞாயித்துக்கெழம வாறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? அப்பா இருந்தா அவர்ட்ட விட்ருப்பேன். அவ நல்லாத்தான இருக்கா? மெலிஞ்சிருக்காளா?"

"முடி கொஞ்சம் மெலிஞ்சிருக்கு"ன்னு சொல்லி வெச்சேன்.

வெள்ளிக்கெழம அக்காவுக்கு லீவு. கண்ணு வரைஞ்ச படகெல்லாம் நிக்கிற ஒரு மீன்புடி ஊரு இருக்கு, மார்சஷ்லொக்னு பேரு, போவம்னா. அந்தப் பேரச் சொல்லி முடிக்கவே எனக்கு பாதி வழி ஆயிருச்சு. ஸ்டாப்புல நல்ல கூட்டம். பஸ்ஸு வந்துச்சு. டிரைவரு கையால ஃபுல்லுன்னு காமிக்கான். நான் எட்டிப் பாத்தேன். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல காத்து போகுது! எங்க ஊர்ல இதுக்குப் பேரு காலி வண்டி. சட்டுனு உள்ள பூந்துட்டேன். "சலோ, சலோ, ஆகே படோ"ன்னு மும்பை இந்தில முன்னால போகச் சொல்லி, ரெண்டு பேரத் தள்ளி எடம் பண்ணி, திரும்பி நின்னு கைய வெளிய நீட்டுனேன்.

"ஏறுக்கா! கையக் குடு!"

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும். எங்க அக்கா யாருன்னு நெனச்சீங்க? காட்கோபர்ல ஒரு நர்சிங் ஹோம்ல வேல பாத்தவ. தெனம் காலம்பற சயான் ஸ்டேஷன்ல டிரெயினோட லேடீஸ் டப்பா, பொம்பளைங்க பெட்டி. கதவுல கால் விரல் வெக்க எடம் இருந்தா போதும், மீதிய வண்டி நகரும்போது பாத்துக்கிடுவா. ஊசி, கொண்ட, முழங்கை எல்லாத்தையும் தாண்டி ஏறுவா. ஏறிட்டு, பின்னால ஓடிவர்ற முகம் தெரியாத பொம்பளைக்குக் கைய நீட்டுவா. மும்பைல அது சட்டம் மாதிரி. நீட்டுன கைய எவனும் வேண்டாம்னு சொன்னதில்ல. நானும் பொறந்ததுல இருந்து பாக்கல.

அக்கா என் கையப் பாத்தா. ரெண்டு கையையும் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டா.

"நீ போல. நான் அடுத்த பஸ்ல வாறேன்."

"அடுத்தது எப்ப வருமோ!"

"வரும்போது வரட்டும்."

டிரைவரு கத்துதான், கதவுக்கு நடுவுல என் கை. பின்னால நின்ன ஒரு பாட்டி என் சட்டையப் புடிச்சு உள்ள இழுத்தா. கதவு மூடிருச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஸ்டாப்பு பெஞ்சுல போய் உக்காந்தா. கால நீட்டிக்கிட்டா. மொகத்த வெயிலுக்குக் காமிச்சு கண்ண மூடிக்கிட்டா. பஸ்ஸ விட்டவ மாதிரியே இல்ல.

யாரோ எங்க அக்கா சட்டையப் போட்டுக்கிட்டு அங்க உக்காந்திருக்க மாதிரி.

மார்சஷ்லொக் வந்ததும் கதவுகிட்ட போய் நின்னேன். நின்னாப் போதும்னு நெனச்சேன். பட்டன அமுக்கணுமாம். பஸ்ஸு என்னயச் சொமந்துக்கிட்டே ஊரத் தாண்டி எங்கயோ வயக்காட்டுல கொண்டு போய் எறக்கிட்டுப் போச்சு. திரும்ப நடந்தேன். ரெண்டு பக்கமும் கல்ல அடுக்கி வெச்ச வேலி, இடையில செக்கச்செவேல்னு காட்டுப்பூ, சப்பாத்திக்கள்ளி. ஒரு மனுசன் இல்ல. தூரத்துல கடலு ஒரு கோடு மாதிரி மின்னுது. வழி தப்பிட்டோம்னு மண்டைக்குத் தெரியுது, காலு மட்டும் பயப்படவே மாட்டேங்கு. இப்பிடியே நடந்துக்கிட்டே இருக்கலாம்னு சொல்லுது. மும்பைல நான் இப்பிடி நடந்ததே கெடையாது. அங்க நடக்குறதுன்னா முன்னால போறவன் குதிகால மிதிக்காமப் போறதுதான்.

படகெல்லாம் மஞ்ச, நீலம், செவப்பு அடிச்சு, மூக்குக்கு ரெண்டு பக்கமும் கண்ணு வரைஞ்சு, தண்ணில லேசா தலையாட்டிக்கிட்டு நிக்கு. எல்லாம் என்னயவே பாக்கு. அக்கா எனக்கு முன்னாடியே வந்து கரைல உக்காந்திருந்தா. கைல ரெண்டு ரொட்டி, உள்ள டூனா, ஆலிவு, தக்காளி.

"பஸ்ஸ விடாம ஏறுனவன் பின்னால வாறான், பஸ்ஸ விட்டவ முன்னால வந்து உக்காந்திருக்கேன்"னு நக்கல் பண்ணுதா. என் வேலைய அவ பாக்கா.

"ஏன்க்கா ஏறல?"

"எடம் இல்லன்னு சொன்னான்ல."

"எடம் இல்லன்னா நீ ஏற மாட்டியா? நீயா?"

ரொட்டிய மென்னுக்கிட்டே படகப் பாத்தா. "சயான்ல ஏறாட்டி வேல போயிரும்ல குமாரு. அதனால ஏறுனேன். எனக்கு அது புடிச்சிருந்துச்சுன்னு நீங்க எல்லாரும் நெனச்சுட்டீங்க."

என் ரொட்டில இருந்த ஆலிவ எடுத்து அவ ரொட்டில வெச்சேன்.

"அப்ப அம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்ல? நாளைக்கு எனக்கு பிளைட்டு. நாளக்கழிச்சு ஞாயிறு."

"தெரியும்."

"அந்த ஆளு நல்லவனாத்தான் தெரியுதான்."

"நல்லவனாத்தான் இருப்பான். நான் அவனையா வேண்டாங்கேன்?" ஆலிவுக் கொட்டையத் தண்ணில துப்புனா. "பாக்கலாம்னு ஏன் சொல்லுதேன் தெரியுமா? வரலன்னு சொன்னா அம்மா அழுவா. வாறேன்னு சொன்னா நான் அழுவேன். நாளைக்கு காலம்பற எங்கூட வா. போனுல சார்ஜு போட்டு எடுத்துட்டு வா."

சனிக்கெழம காலம்பற வீட்டுக்குக் கீழ இருக்க பாறைக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க மணலு கெடையாது. மைசூர்பாகுப் பாறை அப்பிடியே கடலுக்குள்ள எறங்குது. பாறைய வெட்டி சதுரம் சதுரமா தொட்டி மாதிரி பண்ணிருக்காங்க, ஒரு இரும்பு ஏணி தண்ணிக்குள்ள போகுது. ரோஸா ஏற்கனவே தண்ணில கெடந்து கையாட்டுதா. கடல் அவ்ளோ தெளிவு, அவ கால் விரல எண்ணலாம்.

அக்கா துண்ட எடுத்து என் தலைல போட்டா. உள்ள முழுக்கால் பேண்டும் கறுப்பு பனியனும் போட்டிருக்கா.

"அம்மாவுக்கு வீடியோ போடு. எனக்கு வாயால சொல்ல வரல. காமிச்சிரு."

"என்னத்தக் காமிக்க? ஏ, அக்கா!"

குதிச்சுட்டா. தாராவில பொறந்து வளந்த பொம்பள. கடலுன்னா எங்களுக்கு ஜுஹூ பீச்சுல முட்டளவு தண்ணி, அதுலயும் அம்மா சேலைய ஒரு கையாலயும் எங்கள ஒரு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிப்பா. நான் ஏணிக்கிட்ட ஓடுனேன். அவ தலை வெளிய வந்துச்சு. ரோஸா பக்கத்துல போனா, அவளயும் தாண்டிப் போனா. கை ஒண்ணு மாத்தி ஒண்ணு அமைதியா விழுது. தண்ணி கூட அவள அவசரப்படுத்தல.

போன்ல அம்மா. வெண்டிக்கா நறுக்கிக்கிட்டு இருக்கா. "எங்கல அவ?"

"அந்தா."

"எங்க?"

"தண்ணிக்குள்ள."

"ஏலேய்! ஆழமால? பாத்துக்கிட்டா நிக்க, போய் இழுல!"

"எனக்குத்தான் நீச்சத் தெரியாதேம்மா. அவளுக்குத் தெரியும். பாரு."

ரொம்பத் தூரத்துல அக்கா மல்லாக்கப் பொரண்டா. கைய ரெண்டு பக்கமும் விரிச்சா. வெட்டுன முடி தலையச் சுத்தி தண்ணில பரந்து கெடக்கு. கண்ண மூடிக்கிட்டா. அலை அவள லேசாத் தூக்குது, லேசா எறக்குது. அவ ஒண்ணுமே செய்யல. சும்மா கெடக்கா. அக்கா சும்மா கெடந்து நான் பாத்ததே இல்ல. அம்மாவும் பாத்திருக்க மாட்டா.

நெட்டு போயிருச்சோன்னு பாத்தேன். போகல, அம்மா தலைக்கு மேல ஃபேனு சுத்துது. கத்தியக் கீழ வெச்சுட்டா. முடியப் பத்திக் கேப்பா, துணியப் பத்திக் கேப்பான்னு நான் பொய்யெல்லாம் ரெடி பண்ணி வெச்சிருந்தேன். ஒண்ணும் கேக்கல.

"எவ்ளோ நேரம் இப்பிடிக் கெடப்பா?"ன்னா கடைசில.

"தெரியலம்மா. தெனமும் வருவாளாம்."

"தெனமுமா?"

"டூட்டி முடிஞ்சு."

நான் மெதுவா போன என் பக்கம் திருப்புனேன். "அம்மா, நாளைக்கு நெரூள்காரங்க வந்தா..."

"வர வேண்டாம்னு அவங்களுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கிடுதேன்."

"என்ன காரணம் சொல்லுவ?"

"எதையாவது சொல்லிக்கிடுதேன், ஒனக்கு என்னல? நீ மொதல்ல போன அவ பக்கம் திருப்பு. ஒன் மூஞ்சிய இப்ப யாரு கேட்டா?"